வினாவுக்கும் புள்ளி வேண்டும்

நாள்தோறும் வரும் பொது அறிவுப் போட்டியில், “உடற்பருமனைக் குறைக்கும் மருந்து யாது?” என்ற வினாவுக்கு, “செமாகுளூட்டைட்” என்று கூறும் மாணவன் புள்ளி பெறுகிறான். விடை சரியே, அறிவு அதனோடு முடிவதன்று.

2021 இல் வெளியான ஆராய்ச்சியொன்றில் 1961 பேர் பங்குபற்றினர். 68 வாரங்களில், அம்மருந்து பெற்றோரின் உடல் நிறை சராசரியாக நூற்றுக்கு 14.9 பங்கும், மருந்தில்லா ஊசி பெற்றோரின் நிறை 2.4 பங்கும் குறைந்தன. ஆராய்ச்சிக்குப் பொருளளித்தது அம்மருந்தை விற்கும் நோவோ நோர்டிஸ்க் நிறுவனமே. அதனால் அது பொய்யாகிவிடாது. மருந்தை நிறுத்தியோர் ஓராண்டில், இழந்த நிறையில் மூன்றில் இரு பங்கை மீளப் பெற்றமையையும் அந்நிறுவனம் பொருளளித்த ஆராய்ச்சியே 2022 இல் உரைத்தது.

எனினும் பழைய பாடமொன்றை மறத்தலாகாது. 1967 இல் ஹார்வட் அறிஞர் சிலர், இருதய நோய்க்குச் சீனியை விடுத்துக் கொழுப்பையே பெருங்காரணமாகக் காட்டி எழுதினர். அமெரிக்கச் சீனி வணிகர் அமைப்பொன்று அதற்குப் பணமளித்த செய்தி அக்கட்டுரையில் இல்லை. அது 2016 இலேயே வெளிப்பட்டது.

ஆதலின், பொருளளித்தவர் யார், எதனோடு ஒப்பிட்டனர், எதனைச் சொல்லாது விட்டனர் என்று கேட்டல் பகைமையன்று, கல்வியின் கடமையாகும். விடைக்குப் புள்ளியிடும் ஆசிரியர்காள், நல்ல வினாவுக்கும் புள்ளியிடுமின்!