கொல்லிமலையில் பழைய ஓட்டு வீடு: பத்திரம் யார் பேர்ல?

போன மாசம் நம்ம சேனல் பார்க்கிற ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். பெங்களூருல ஐடி வேலை, வயசு 28. கொல்லிமலைல செம்மேடு பக்கத்துல ஒரு பழைய ஓட்டு வீடு, சுத்தி மிளகுக் கொடி, ரெண்டு பலா மரம். விலை 14 லட்சம். புதுப்பிச்சு வீக்எண்டுக்கு வாடகைக்கு விடலாம்னு பிளான். கேள்வி என்னன்னா, "சார், பர்சனல் லோன் எடுக்கலாமா?"

ஹோம் லோன் பத்தி அவர் கேட்கவே இல்லைங்கிறதைக் கவனிச்சீங்களா? நானும் அதைத்தான் கவனிச்சேன். பத்திரம் யார் பேர்ல வரும்னு கேட்டேன். பதில் வர ரெண்டு நாள் ஆச்சு. "ரிஜிஸ்டர் பண்ண முடியாதாம் சார். பட்டா அந்தப் பெரியவர் பேர்லயே இருக்கும். அக்ரிமென்ட்டும் பவரும் போட்டுக்கலாம்னு புரோக்கர் சொல்றார்."

கொல்லிமலைல வாழ்றவங்கள்ல பெரும்பாலானவங்க மலையாளிப் பழங்குடி மக்கள். அவங்களுக்கு அரசு ஒப்படை செய்த நிலத்துல, பழங்குடி அல்லாதவருக்கு விற்கக் கூடாதுங்கிற நிபந்தனை இருக்கும். கடனுக்கும் அவசரச் செலவுக்கும் நிலம் கீழ்நாட்டுக்காரங்க கைக்குப் போயிடக் கூடாதுன்னு போட்ட நிபந்தனை அது. மலைல எல்லா நிலமும் அப்படி இல்ல, விற்கக்கூடிய பட்டா நிலமும் உண்டு. ஆனா "பட்டா மாத்த முடியாது, விலை கம்மி"ன்னு ஒருத்தர் சொன்னா, அந்த ரெண்டு வாக்கியமும் ஒண்ணுதான்.

பவர் பத்திரத்தால சொத்துரிமை மாறாதுன்னு உச்ச நீதிமன்றம் 2011-லயே தெளிவா சொல்லிடுச்சு. இதைவிடப் பெரிய ஆபத்து பினாமிச் சட்டம். பணம் உங்களது, அனுபவிக்கிறது நீங்க, பேர் மட்டும் இன்னொருத்தரது. சொத்து பறிமுதல் ஆகலாம். 1 முதல் 7 வருஷம் வரை சிறை, சந்தை மதிப்புல 25% வரை அபராதம். பேர் குடுத்த பெரியவரும் சேர்ந்து மாட்டுவார், அதை எந்த புரோக்கரும் அவர்கிட்ட சொல்றதில்ல. பத்து வருஷம் கழிச்சு அவர் பேரன் வந்து "இது எங்க வீடு"ன்னு சொன்னா, அவன் சொல்றதுதான் நியாயம்.

சரி, பட்டா சுத்தமா இருக்குன்னே வெச்சுக்குவோம். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 14 லட்சத்துக்கு 1.26 லட்சம். (10 லட்சத்துக்குள்ள இருந்து, பெண்கள் பேர்ல வாங்கினா பதிவுக் கட்டணத்துல 1% குறையும்.) அப்புறம் ரிப்பேர். சிமென்ட், ஜல்லி எல்லாம் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும், லாரி வாடகையை அங்கேயே விசாரிங்க. மண் சுவருக்கு மேல சிமென்ட் பூசிடாதீங்க. ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு பெயர்ந்து விழும். சுண்ணாம்போ மண் பூச்சோதான் சரி, அதுக்குத் தெரிஞ்ச ஆள் வேணும்.

ரிப்பேருக்கு ஒரு உதாரணத்துக்கு 8 லட்சம் போட்டா மொத்தம் 23.26 லட்சம். இதை 6.5% எஃப்டில போட்டாலே வருஷம் 1.5 லட்சம் வட்டி. மாசம் ஒரு தடவை குடும்பத்தோட மலைக்குப் போய்த் தங்க, ட்ரிப்புக்கு 12,500 ரூபாய். எனக்கென்னவோ அதுதான் நல்ல டீல்னு தோணுது.

வரிச் சலுகையை நம்பி இறங்காதீங்க. புதிய வரிமுறையில நீங்க குடியிருக்கிற வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது. பழைய முறையிலயும், வாங்குற கடனுக்கு 2 லட்சம்னா, புதுப்பிக்கிற கடனுக்கு வெறும் 30,000. விற்கும்போது லாபத்துக்கு 12.5% வரி, பணவீக்கச் சரிக்கட்டல் இல்ல. புதுசா ரூம் எடுத்த மாதிரி மேம்பாட்டுச் செலவைக் கழிக்கலாம், ஆனா பில் வேணும். மேஸ்திரிக்குக் கையில குடுத்த காசுக்கு பில் எங்க இருக்கு?

இவ்வளவும் எழுதி அனுப்பினப்புறம் தம்பிகிட்ட இருந்து ஒரு வரி வந்துச்சு: "50,000 அட்வான்ஸ் குடுத்துட்டேன் சார்."

திருப்பிக் கேளுங்க, வரலைன்னா விட்டுடுங்கன்னு சொல்லியிருக்கேன். இன்னும் பதில் வரல.