ரெண்டு பேஸில் கருகுவது நம்ம காசு!



மும்முனை மோட்டாருக்கு மூணு கம்பியிலும் கரண்ட் வேண்டும். ஒரு முனை போனால் மோட்டார் உறுமும், சுத்தாது. கன்டென்சர் வைத்தால் சுத்தும். ஆனால் 5 எச்.பி. மோட்டார் 5 எச்.பி. வேலை செய்யாது. தண்ணீர் குறையும், காயில் சூடேறிக் கருகும். ஒரே டிரான்ஸ்பார்மரில் பலபேர் இப்படி ஓட்டினால் வோல்டேஜ் விழுந்து பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் போகும்.

இதைச் சொல்லி விவசாயியைக் குற்றவாளி ஆக்குகிறார்கள். மேலூர் கடைமடைக்குப் பெரியாறு கால்வாய்த் தண்ணீர் எட்டாத நாளில், உசிலம்பட்டிப் பக்கம் கிணற்றை நம்பிய காட்டில், பயிர் வாடுவதைப் பார்த்துக்கொண்டு எவன் சும்மா இருப்பான்?

ஆனால் நம்மவருக்கும் ஒன்று சொல்கிறோம். கன்டென்சரை வைத்து நாமே சமாளித்துக்கொண்டால், மூணாவது முனை எங்கே என்று கேட்க ஆளிருக்காது. கோரிக்கை செத்துப்போகும்.

இலவச மின்சாரம் சும்மா வரவில்லை. 1970-இல் மின்கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிப் போராடி, பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் குண்டடிபட்டுச் செத்தார்கள். 1984-இல் சிறு விவசாயிக்கும், 1990-இல் எல்லா விவசாயிக்கும் இலவசம் கிடைத்தது. பம்புசெட்டுக்கு 24 மணி நேரமும் மும்முனை என்று 2021-இல் அரசு அறிவித்தது. அறிவிப்பு போதாது, கரண்ட் காட்டுக்கு வரவேண்டும்.

மூணு பேஸ் எப்போ வந்தது, எப்போ போனது என்று தினமும் நோட்டில் எழுதுங்கள். ஊர்வாரியாகச் சேர்த்து மனுவாகக் கொடுப்போம். பதில் வராவிட்டால் மின்வாரிய அலுவலக வாசலில் உட்காருவோம்.

கேட்பது சலுகை அல்ல, சொன்ன கரண்ட்!