பாய்மரக் கலமும் பஞ்சாலை வெக்கையும்

இந்தியக் கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர்கள் ரூபாவும் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி' என்னும் 56 அடிப் பாய்மரக் கலத்தில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினர். ரூபா புதுச்சேரிக்காரர். நாம் வியப்பதெல்லாம் புயலையும் மலை போன்ற அலைகளையுமே. எனக்கோ, நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலின் அன்றாட வாழ்வே அவற்றினும் கொடியது என்று தோன்றுகிறது.

அங்கே காற்று அடங்கினால் பாய்கள் தொங்கிவிடும். மழைக்கு அஞ்சி அறையின் திறப்புகளை மூடினாலோ உள்ளே வெக்கை. இராசபாளையத்து நூற்பாலைகளில் இழை அறாதிருக்கக் காற்றை ஈரமாகவே வைத்திருப்பார்கள். உடம்பில் வியர்வை உலராது. அங்கு வேலை பார்க்கும் என் தந்தையாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் ஷிப்ட் முடிந்ததும் வீடு திரும்பிவிடுகிறார்!

துணி விஷயம் இன்னும் மோசம். கடல்நீரில் நனைந்த துணி காய்ந்தாலும், அதில் தங்கிய மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை ஈர்த்து மறுபடியும் பிசுபிசுக்கச் செய்யும். நன்னீரில் அலசினால்தான் உப்புப் போகும். நன்னீரோ அளந்து செலவிட வேண்டிய பொருள். கோடையில் குடத்துடன் வரிசையில் நின்ற திருவில்லிபுத்தூர் நண்பர்களுக்கு இது புரியும். வேர்க்குருவையும் பூஞ்சை பிடித்த படுக்கையையும் பற்றிப் பாராட்டுக் கூட்டங்களில் யார் பேசுகிறார்கள்?

அவ்விருவரும் நம் கல்லூரிக்கு வந்தால், நான் புயலைப் பற்றிக் கேட்கமாட்டேன். துணிகளை எப்படி உலர்த்தினீர்கள் என்றுதான் கேட்பேன்.