கல்யாணத்துக்கு ஒரு மேனேஜர்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். இப்போது இரண்டுக்குமே காண்ட்ராக்டர் வந்துவிட்டார் :-)

முன்பெல்லாம் இதற்கு வெளியாள் தேடியதில்லை. சமையல்காரரிடம் மல்லுக்கட்ட ஒரு சித்தப்பா, ஸ்டோர் ரூம் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு அத்தை, மொய் நோட்டுக்கு அழகான கையெழுத்துள்ள ஒரு மாமா. இன்று சித்தப்பா துபாயில், அத்தைக்கு மூட்டுவலி, மாமாவுக்கு லீவு அரை நாள்தான். எல்லாம் பெண்ணின் அண்ணன் தலையில். கெட்டிமேளம் கொட்டும்போது அவன் பின்கட்டில் கேஸ் சிலிண்டருக்காக யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருப்பான். தங்கை கழுத்தில் தாலி ஏறியதை வீடியோவில் மட்டுமே பார்த்த அண்ணன்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

அதனால் கோஆர்டினேட்டர் வைப்பதைப் பணத்திமிர் என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் அவர் யாருக்காக வேலை செய்கிறார்? குடும்பத்திடம் ஃபீஸ், பூக்காரரிடமும் போட்டோகிராபரிடமும் கமிஷன் என்றால், அவர் சொல்லும் 'பெஸ்ட் ரேட்' யாருக்கு பெஸ்ட்?

பி.காம். மாணவர்கள் மார்க்குக்காக மனப்பாடம் செய்யும் 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் பிரிவு 213 என்று ஒன்று உண்டு. முதலாளி கேட்டால் ஏஜென்ட் கணக்குக் காட்டியாக வேண்டும். நம் சார்பில் வாங்கிச் செலவு செய்கிறவரிடம் பில் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. இலைக்கு என்ன ரேட், கூடுதல் இலைக்கு என்ன, ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு, அன்றைக்கு மண்டபத்தில் நேரில் நிற்கப்போவது யார்... எல்லாம் பேப்பரில் இருக்கட்டும்.

பேக்கேஜில் புரோகிதரும் அடக்கம் என்பதுதான் இடிக்கிறது. மணமக்கள் அவரை முதன்முதலாக மணவறையில்தான் பார்க்கிறார்கள்! பந்தல்காரரை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். நடத்தி வைப்பவரை வீட்டார்தான் போய்ப் பார்த்துப் பேச வேண்டும். என்ன சடங்கு, என்ன அர்த்தம், எவ்வளவு நேரம் என்று கேட்க வேண்டும். புரோகிதரே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் வந்த திருத்தத்தின்படி (இந்து திருமணச் சட்டம், பிரிவு 7-ஏ) உற்றார், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். எப்படி நடந்தாலும், 2009-ம் வருடச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்வதை மறக்கக் கூடாது.

ஓடுகிற வேலையைக் காசு கொடுத்து ஒப்படைக்கலாம். அட்சதை போடுகிற வேலையை முடியாது. முகூர்த்த நேரத்தில் அந்த அண்ணன் மணவறைப் பக்கத்தில் நின்றால், கொடுத்த ஃபீஸ் வசூல்.

நீங்க என்ன சொல்றீங்க?