உள்ளூர் பர்கர் ஏன் தோற்கிறது?

நவி மும்பையின் ஐரோலியில் ஓர் உள்ளூர் உணவகம் பர்கர் போடத் தொடங்கினால், வாங்கிச் சாப்பிடுகிறவர் முதலில் பார்ப்பது அது மெக்டொனால்ட்ஸ் மாதிரி இருக்கிறதா என்பதைத்தான். கடைக்காரருக்கும் அதே கவலை. அதனால் உறைய வைத்த கட்லெட்டைப் பாக்கெட்டாக வாங்கி, எண்ணெயில் பொரித்து, பாக்கெட் பன்னுக்குள் வைத்து, பாட்டில் மயோனைஸைப் பிழிந்து கொடுத்துவிடுகிறார். அங்குள்ள மைண்ட்ஸ்பேஸ் வளாகத்து அலுவலகங்களுக்கு மதியம் பொட்டலமாகப் போய்ச் சேரும்போது, அது மெக்டொனால்ட்ஸும் இல்லை, ஐரோலியும் இல்லை. தொடர்கடையை இவர் சரியாகக் காப்பியடிக்கவில்லை என்று பலரும் குறை சொல்கிறார்கள். காப்பியடிக்க வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைக் காப்பியடித்தார் என்பதே என் குறை.

1996 அக்டோபரில் தில்லியிலும் மும்பையிலும் கடை திறந்த மெக்டொனால்ட்ஸ், உலகமெங்கும் தன் அடையாளமாக இருந்த மாட்டிறைச்சியை இங்கே தொடவில்லை. பன்றி இறைச்சியும் கிடையாது. உருளைக்கிழங்கு டிக்கியை வைத்து மெக்ஆலு டிக்கி செய்து, 2004-இல் அதை இருபது ரூபாய்க்கு விற்றது. கடை திறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே பொருள் தருகிறவர்களை அது தயார் செய்துகொண்டு வந்தது. கட்லெட்டுக்கு நவி மும்பையை ஒட்டிய தலோஜா, சீஸுக்குப் பாராமதி, லெட்யூஸ் கீரைக்குப் புணே பக்கத்துத் தளேகாவ், பன்னுக்குக் கோபோலி என்று மும்பையின் கொல்லைப்புறத்திலேயே அதன் அடுக்களை அமைந்தது. அமெரிக்கப் பர்கர் என்று நாம் நினைத்ததை மகாராஷ்டிரப் பொருளில், இந்திய நாக்குக்காகச் செய்தார்கள். உள்ளூர்க் கடை அவர்களிடம் கற்க வேண்டியது இந்த வேலையைத்தான்.

இறைச்சியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மகாராஷ்டிரத்தில் 2015 முதல் பசுவோடு காளையையும் எருதையும் வெட்டத் தடை இருக்கிறது; எருமைக்குத் தடையில்லை. ஆகவே அசைவப் பர்கர் என்றால் இங்கே பெரும்பாலும் கோழி, சில இடங்களில் எருமை. அமெரிக்கச் செய்முறையோ கொழுப்புக் கலந்த மாட்டிறைச்சிக்கு எழுதப்பட்டது. அந்தக் கொழுப்பு உருகித்தான் கட்லெட் சாறோடு இருக்கிறது. எருமை இறைச்சியிலும் கோழி நெஞ்சுக்கறியிலும் கொழுப்பு குறைவு. அதே முறையில் வாட்டினால் காய்ந்து சக்கையாகிவிடும். உப்பை முன்கூட்டியே போட்டுப் பிசைந்து வைத்தாலோ ரப்பர் மாதிரி இழுக்கும். இதற்கு மருந்து மும்பைத் தவாவிலேயே இருக்கிறது. கைமாவில் வெங்காயமும் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் சேர்த்து, வெண்ணெய் விட்டு வாட்டும் பழக்கம் கைமா பாவ் போடும் எந்த ஈரானிக் கடைக்கும் தெரியும். கோழியானால் நெஞ்சுக்கறியை விட்டுத் தொடைக்கறியை அரைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சுத்தத்துக்கும் ஒரே சீரான தரத்துக்கும் உறைந்த கட்லெட்தானே நல்லது என்பார்கள். பாதி உண்மை. ஆலையில் செய்ததில் கிருமிப் பயம் குறைவுதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு எண்ணெய்ச் சட்டியின் விளிம்போடு முடிந்துவிடுகிறது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதி வைத்திருக்கிறது. கறுத்த எண்ணெயில் விழுந்த பிறகு கட்லெட் எந்த ஆலையில் பிறந்தால் என்ன? அதே தெருவில் வடா பாவ் போடுகிறவர் அன்றன்றைக்குக் கிழங்கு அவித்துப் பிசைந்து விற்றுவிடுகிறார். அன்றைக்கே தீர்ந்துபோகும் அளவுக்குச் செய்வதும் ஒரு பாதுகாப்பு முறைதான்.

ரொட்டி பற்றிய ஆட்சேபம் இதைவிட வலுவானது. பாவ் ரொட்டியில் பாலும் கொழுப்பும் பர்கர் பன்னில் இருக்குமளவு இல்லை. சாறு இறங்கினால் நைந்துவிடும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெட்டிய பக்கத்தில் வெண்ணெய் தடவித் தவாவில் சிவக்க வாட்டினால் சாறு சட்டென்று இறங்காது. பாவ் பாஜிக்காரர் தினமும் செய்கிற வேலைதான் இது. அதுவும் போதாது என்றால் பேக்கரியில் சொல்லிவைத்துப் பால் சேர்த்த பன் வாங்கலாம். பிளாஸ்டிக் உறையில் நாள்கணக்காகக் கிடக்கும் பன்னைவிட அது எவ்வளவோ மேல்.

இதெல்லாம் செய்தால் அது பர்கரே இல்லை, பேசாமல் வடா பாவே தின்றுவிட்டுப் போகலாமே என்று கேட்கிறவர்களும் உண்டு. 1966-இல் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா விற்ற வடா பாவை, 2001-இல் மலாடில் தொடங்கிய ஜம்போகிங் தொடர்கடையாக்கியது; பின்னாளில் அதே நிறுவனம் தன் சரக்கைப் பர்கர் என்றே விற்கத் தொடங்கியது. எல்லைக்கோடு அவ்வளவு உறுதியானதாக இல்லை. ரொட்டிக்கு நடுவே தட்டையான சூடான கட்லெட், மேலே காரமாக ஒரு சட்னி, கடித்தால் கையில் வழியாத கட்டுமானம்: இவை இருந்தால் பர்கர் என்று சொல்ல யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

விலை ஏறும் என்பது உண்மைதான். கையால் செய்ய ஆள்கூலி உண்டு, மிஞ்சினால் நஷ்டம் உண்டு, உணவு டெலிவரி செயலிக்காரர்களின் கமிஷன் வேறு. அந்தக் கூடுதல் பணத்தைக் கேட்கக் கடைக்காரருக்கு ஒரு காரணம் வேண்டும். பட்டியலில் சீஸ் எத்தனை அடுக்கு என்று எழுதும் இடத்தில், என்ன இறைச்சி, கட்லெட் இங்கேயே செய்ததா, பன் எந்த பேக்கரியுடையது என்று எழுதட்டும். ஆர்டர் போடுகிறவரும் இந்த மூன்றையும் கேட்டுவிட்டுப் பிறகு விலை அதிகம் என்று சொல்லலாம்.