மரத்தில் அறைந்த ஆணி

1980-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் மரம் வெட்டுவோர் ஓர் ஓக் மரத்தைத் துண்டு போட்டபோது, அதன் உட்பொந்தில், பற்கள் வெளித்தெரிய உலர்ந்துபோன ஒரு நாயின் உடலைக் கண்டார்கள். எதையோ துரத்திக்கொண்டு பொந்துக்குள் ஏறிச் சிக்கிக்கொண்ட வேட்டை நாய் அது என்று கருதப்படுகிறது. மரத்தின் துவர்ப்புச் சத்து அதை அழுகவிடாமல் காத்தது. வேக்ராஸ் என்னும் ஊரின் காட்சிசாலையில் அத்துண்டு வைக்கப்பட்டுள்ளது. 2011-இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தைச் சேர்ந்த கல்ப்ஸ் குன்றில், சாய்ந்து கிடந்த ஓக் மரமொன்றை அறுத்த ஊழியர்கள், 1863-ஆம் வருஷத்து யுத்தத்தின் துப்பாக்கிக் குண்டுகள் இரண்டை அதனுள்ளே கண்டார்கள்.

இத்தகைய செய்திகளை நாம் விநோதமாகப் படித்து மறந்துவிடுகிறோம். ரம்பத்தின் முன்னே நிற்கிறவனுக்கோ இது விநோதமன்று, உயிர்ப் பிரச்னை.

மரம் புண்ணை ஆற்றுவதில்லை, மூடுகிறது. பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய உயிரடுக்கு ஆண்டுதோறும் வெளிப்புறமாகப் புதிய மரத்தை வளர்த்துக்கொண்டே போகிறது. அறைந்த ஆணி அங்கேயே நிற்க, மரம் அதைச் சுற்றிப் பருத்து, சில வருஷங்களில் தடயமே தெரியாமல் விழுங்கிவிடுகிறது. மரம் வளர வளர ஆணியும் மேலே ஏறுமென்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு, மரம் உயர்வது நுனியில்தான். நெஞ்சு உயரத்தில் அறைந்தது நெஞ்சு உயரத்திலேயே இருக்கும். (பனையும் தென்னையும் இவ்விதம் பருப்பதில்லையாதலால், அவற்றில் அறைந்தது வெளியிலேயே நிற்கும்.) முதல் உலக யுத்தம் நடந்த பிரான்சின் கிழக்குப் பகுதிக் காடுகளிலிருந்து வரும் மரங்களை, நூறாண்டு கடந்த பின்னரும், உலோகம் காட்டும் கருவியால் சோதித்தே அறுக்க வேண்டியிருக்கிறது.

நிற்க. இக்கட்டுரையின் நோக்கம் தற்செயலாக மரத்துக்குள் போன பொருள்களைப் பற்றியதன்று. வேண்டுமென்றே அறைந்த ஆணியைப் பற்றியது.

கலிபோர்னியாவில் ஆயிரக்கணக்கான வருஷங்கள் வாழக்கூடிய ரெட்வுட் மரங்கள் உண்டு. அந்தப் பழங்காடுகளில் இன்று நூற்றுக்கு ஐந்து பங்கே மிஞ்சியிருக்கிறது. மற்றவை வியாபாரிகளின் ரம்பத்துக்கு இரையாயின. இக்கொள்ளையைத் தடுக்க எண்ணியவர்களில் சிலர், 1980-களில், நிற்கும் மரங்களில் நீண்ட ஆணிகளை அறைந்து, ஆலைக்காரர்களுக்கு எச்சரிக்கை விடுக்கும் முறையைக் கையாண்டார்கள். ரம்பம் கெடுமென்ற பயத்தால் முதலாளி மரத்தைத் தொடமாட்டான், ஒருவருக்கும் தீங்கு நேராது என்பது அவர்கள் வாதம்.

1987 மே மாதத்தில் க்ளோவர்டேல் என்னும் ஊரின் ஆலையில், சுமார் 11 அங்குல நீளமுள்ள ஆணியொன்றில் மோதி ரம்பப் பட்டை அறுந்து பறந்தது. அங்கு நின்றிருந்த 23 வயதுத் தொழிலாளியின் முகக் காப்பைப் பிளந்துகொண்டு தாடையை நொறுக்கியது; பற்கள் பல போயின. அந்த ஆணியை அறைந்தவர் இன்னாரென்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. காடு காப்போர்மீது உடனே பழி விழுந்தது. தேய்ந்து ஆடிக்கொண்டிருந்த ரம்பப் பட்டையை மாற்றாமல் வேலை வாங்கினார்கள் என்று அத்தொழிலாளி பின்னர் கூறியதை அநேகர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறு வருஷமே அமெரிக்க சர்க்கார் மரத்தில் ஆணி அறைவதைக் குற்றமாக்கிற்று. அதுவும் போதைப்பொருள் ஒழிப்புச் சட்டத்தின் மூலையில் ஒரு பிரிவாகச் செருகி!

ஆலைக்காரரின் பேராசையை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் ஆணி அறைவோரின் வாதத்திலுள்ள ஓட்டை வெளிப்படையானது. அறுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறவன் முதலாளி. ரம்பத்தருகே நிற்கிறவன் கூலிக்காரன். எச்சரிக்கைக் கடிதம் ஒரு வருஷத்தில் காணாமற் போகும்; ஆணி அறுபது வருஷம் இருக்கும். மரமும் கைமாறிக்கொண்டே போகும். தன் பெயரை மறைத்துக்கொண்டு ஒருவன் செய்த தியாகத்துக்கு, சம்பந்தமே இல்லாத இன்னொருவன் முகம் விலையாகிறது. இதனை வீரமென்று நம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இவ்விவாதம் நமக்குப் புதிதன்று. 1942 ஆகஸ்டுக்குப் பின் தந்திக் கம்பிகளை அறுப்பதும் தண்டவாளங்களைப் பெயர்ப்பதும் தகுமா என்று நம் தேசத்தில் கடும் வாதம் நடந்தது. அவற்றைச் செய்தவர்களின் தேசபக்தியில் சந்தேகமில்லை. ஆயினும் 1944-இல் விடுதலையான காந்தியடிகள் நாசவேலையையும் தலைமறைவு வேலையையும் ஏற்கவில்லை. கலிபோர்னியாவிலும் அதே உணர்ச்சி உள்ளிருந்தே எழுந்தது. தச்சுவேலை செய்தவரும் தொழிலாளர் ஊழியருமான ஜூடி பாரி என்ற பெண்மணி, 1990-இல் தம் சகாக்களுடன் ஆணி அறையும் முறையைப் பகிரங்கமாகக் கைவிட்டார். மரம் வெட்டுவோர் பகைவரல்லர், காடு அழிந்தால் முதலில் பிழைப்பிழப்பவர்கள் அவர்களே என்பது அவர் கொள்கை. அவ்வருஷம் மே மாதம் அவர் சென்ற மோட்டார் வண்டியில் குண்டு வெடித்தது. படுகாயமுற்றவரையே போலீஸார் குற்றவாளியென்று கைது செய்தார்கள்! 1997-இல் அவர் காலமானார். அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று ஜூரிகள் தீர்ப்பளித்தது 2002-இல்தான்.

இவ்வளவும் கடலுக்கப்பாற்பட்ட கதையென்று வாசகர்கள் தள்ளிவிட வேண்டாம். நமது வீதியோரத்து வேம்பையும் புளியையும் சற்று அண்ணாந்து பாருங்கள். வீடு வாடகைக்கு, தனிப்பயிற்சி, மூலநோய்க்கு வைத்தியம் என்று தகரப் பலகைகள் ஆணியில் தொங்குகின்றன. வியாபாரிகளை மட்டும் குறை கூறிப் பயனில்லை. மகாநாட்டுத் தட்டியும் தலைவர் படமும் கொடியும் அதே மரத்தில்தான் அறையப்படுகின்றன. அறைகிறவர்கள் நம் தோழர்கள். கூட்டம் முடிந்தால் தட்டி போகிறது, ஆணி தங்குகிறது. பின்னொரு நாள் சாலையை அகலப்படுத்த மரம் வீழ்த்தப்பட்டு, ஏலத்தில் போய், மரவாடிக்கு வருகிறது. அங்கே ரம்பத்துக்கு மரத்தைத் தள்ளுகிறவனுக்கு, இருபது வருஷத்துக்கு முன் எந்தக் கட்சிக் கூட்டம் நடந்ததென்று எப்படித் தெரியும்?

ஏலம் விடுமுன் ஒவ்வொரு அடிமரத்தையும் கருவியால் சோதிப்பது விற்கும் அதிகாரிகளின் பொறுப்பாக வேண்டும், அச்செலவு பெரிதன்று. ஆணிக்குப் பதில் கம்பி சுற்றினால் போதுமென்பாரும் உளர். அதுவும் உதவாது. மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் அழுந்திவிடும். அடுத்த கூட்டத்துக்குத் தட்டி வைக்கப் போகும் தொண்டர்கள் இரண்டு மூங்கில்களைக் கையோடு கொண்டுபோகட்டும். கூட்டம் கலைந்ததும் பிடுங்கிக்கொண்டு திரும்பலாம்.