தாங்கும், தாங்கும் என்றால் எப்படி?

போன வாரம் கடற்கரைச் சாலையில் வழக்கமாக உட்காரும் இடத்தில் நண்பர் ஒருவர் கைப்பேசியை நீட்டினார். டெக்சாஸில் இருக்கும் அவர் மகன், பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஒரு வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு நிற்கிறார். கட்டில், சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள டிரெய்லர். அடுத்த மாதம் நண்பரும் அவர் மனைவியும் அங்கே போகிறார்கள். அந்த வண்டியில்தான் ஊர் சுற்றப் போகிறார்களாம்.

"பத்தாயிரம் பவுண்டு இழுக்குமாம் சார்."

"எடை போட்டுப் பார்த்தாரா?" என்றேன்.

சிரித்துவிட்டார். "கம்பெனிக்காரனே எழுதிக் கொடுத்திருக்கான். தாங்கும் சார், தாங்கும்."

இந்தத் 'தாங்கும்' என்ற சொல்லின் மேல் எனக்கு 2018-லிருந்து கோபம். அங்கே விவாதம் செய்யாமல் எழுந்து வந்துவிட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த வருடம் ஜூலையில் சிகாகோவுக்குப் பக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளையும் இதே மாதிரி ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தார். மகள், மாப்பிள்ளை, இரண்டு பேரப்பிள்ளைகள், நாங்கள் இருவர், ஆறு பேராகக் கிளம்பினோம். பின்னால் திறந்த பகுதியில் ஜெனரேட்டர், குழந்தைகளின் சைக்கிள்கள், கருவிப் பெட்டி, என் மனைவி கட்டிய அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் அடங்கிய பெரிய பெட்டி. டிரெய்லரில் 45 காலன் தண்ணீர் நிரப்பியாயிற்று.

எண்பதாம் எண் நெடுஞ்சாலையில் ஏறியதிலிருந்தே எனக்குச் சரியாகப் படவில்லை. வண்டியின் மூக்கு கொஞ்சம் மேலே பார்த்தது. பெரிய லாரி ஒன்று கடந்து போனால் பின்னால் இருப்பது ஒரு ஆட்டு ஆட்டி எங்களையும் சேர்த்து இழுத்தது. மகள் கதவுக் கைப்பிடியை விடவே இல்லை. "ஸ்டியரிங் லேசா இருக்கு மாமா, அவ்வளவுதான். இந்த வண்டி தாங்கும்" என்றார் மாப்பிள்ளை. நல்ல பிள்ளை, படித்தவர், கணக்கு தெரிந்தவர். அவருக்கே அந்த வார்த்தைதான் வந்தது.

இங்கே மாட்டு வண்டி ஓட்டியதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். இழுப்பது வேறு, சுமப்பது வேறு. பாரம் ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்கள். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து ஒடியும். பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரும் அப்படித்தான். அதன் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு வரை கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். குறைந்தால் பின்னால் பாம்பு மாதிரி நெளியும். ஆனால் அப்படி அழுத்தும் எடையை இழுக்கிற வண்டி முதுகில் சுமக்கிறது. அதோடு ஆறு பேரையும் ஜெனரேட்டரையும் அரிசிப் பெட்டியையும் சுமக்கிறது.

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது இழுக்கிற கணக்கை. சுமக்கிற கணக்கு ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சின்னத் தாளில் இருக்கிறது. ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாது என்று அதில் அச்சடித்திருக்கிறது. மாப்பிள்ளையின் வண்டி 10,500 பவுண்டு இழுக்கும் என்று வாங்கியது. கதவுத் தாளில் இருந்தது 1,480. விற்றவர் அந்தக் கதவைத் திறந்து காட்டினாரா என்று கேட்டேன். வண்டியின் உள்ளே பாட்டுப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று அரை மணி நேரம் காட்டினாராம்.

டிரெய்லர் விற்றவர் கொடுத்த தாள் இதைவிட மோசம். அதில் இருந்தது காலி எடை. தண்ணீர் இல்லை, எரிவாயு இல்லை, பேட்டரி இல்லை, ஒரு தட்டு கரண்டி கூட இல்லை. கல்யாண மண்டபத்தைக் காலியாகக் காட்டிவிட்டு இத்தனை பேர்தான் என்று சொல்வது போல. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். சின்ன வகுப்பிலேயே புவா ப்ரூ, தார், புவா நெத் என்று மொத்த எடை, காலி எடை, சரக்கு எடைக் கணக்கைத் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். தாரை மட்டும் காட்டி ப்ரூவை மறைத்தால் எங்கள் வாத்தியார் பிரம்பை எடுத்திருப்பார்.

அயோவா மாநிலத்தில் வால்காட் என்ற ஊரில் மிகப் பெரிய டிரக் ஸ்டாப் இருக்கிறது. சாப்பிட நிறுத்தினோம். வாசலில் 'கேட் ஸ்கேல்' என்ற பலகை. 1977-ல் தொடங்கிய அந்த எடை மேடை நிறுவனத்தின் தலைமையகமே அந்த ஊரில்தான். ஒரே மேடை இல்லை, தனித்தனிப் பலகைகள். முன் சக்கரங்கள் ஒன்றில், பின் சக்கரங்கள் அடுத்ததில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில். ஒவ்வொன்றின் எடையும் தனியாகச் சீட்டில் வரும். இவர்கள் சீட்டை நம்பிப் போன லாரிக்காரருக்குப் பிறகு அதிக எடை என்று அபராதம் விழுந்தால், அபராதத்தைத் தாங்களே கட்டுவார்கள், இல்லை என்றால் ஆள் அனுப்பி நீதிமன்றத்தில் சாட்சி சொல்வார்கள். நாற்பது வருடம் அரசாங்க முத்திரை குத்தியவன் நான். இப்படிப் பொறுப்பேற்கும் ஒரு சீட்டை நான் பார்த்ததில்லை.

"மாமா, அது லாரிக்கு."

"பணம் நான் தரேன் மாப்பிள்ளை, ஏத்துங்க."

ஏற்றினார். பேசும் பொத்தான் லாரி ஓட்டுநர் ஜன்னல் உயரத்தில் இருந்ததால் இறங்கி எக்கித்தான் அழுத்தினார். பதினோரு டாலர் போல ஆயிற்று. முன் அச்சு 3,180. பின் அச்சு 4,240. டிரெய்லர் அச்சுகள் 6,280. பிக்கப் மட்டும் 7,420 பவுண்டு. அதற்கு அனுமதித்த உச்சம் 7,000. பின் அச்சுக்கு உச்சம் 3,900. கிட்டத்தட்ட நான்கு மூட்டை சிமெண்ட் கூடுதல், மணிக்கு அறுபது மைல் வேகத்தில், பின் இருக்கையில் இரண்டு குழந்தைகளோடு. டிரெய்லர் மொத்தம் 7,100 பக்கம்தான். 10,500-க்கு எவ்வளவோ கீழே! விளம்பரக்காரன் பொய் சொல்லவில்லை, பாருங்கள். அதுதான் எரிச்சல்.

மாப்பிள்ளை சீட்டை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எல்லாரும் சொல்கிற சமாதானங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். இஞ்சினியர்கள் கொஞ்சம் கூடவே இடம் விட்டுத்தான் கணக்குப் போடுவார்களாம். இருக்கலாம். அந்த இடம் தேய்ந்த டயருக்கும் ஜூலை வெயிலுக்கும் திடீர் பிரேக்குக்கும் விட்டது, நம் அரிசிப் பெட்டிக்கு அல்ல. பின்னால் காற்றுப் பை வைத்தால் சரியாகுமாம். வண்டி நிமிரும், பார்க்க நன்றாக இருக்கும். அச்சும் டயரும் பிரேக்கும் அதேதான். எல்லாரும் இப்படித்தான் போகிறார்களாம். இதற்கு நான் பதில் சொல்லவில்லை.

தண்ணீரைத் திறந்துவிட்டோம். போகிற இடத்தில் குழாய் இருக்கும்போது ஏன் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? ஜெனரேட்டர், கருவிப் பெட்டி, அரிசிப் பெட்டி எல்லாம் டிரெய்லருக்குள், அதன் சக்கரங்களுக்கு நேர் மேலே போயின. இரண்டாம் முறை எடைக்கு மூன்று டாலர் கூட ஆகவில்லை. முன் அச்சு 3,200, பின் அச்சு 3,780. மொத்தம் 6,980. வரம்புக்கு இருபது பவுண்டு உள்ளே, என் பேரனின் புத்தகப் பை அளவு. அங்கிருந்து லாரி கடந்தபோது மகள் கைப்பிடியைப் பிடிக்கவில்லை.

அமெரிக்காவில் அரசாங்க எடை நிலையங்கள் லாரிகளைத்தான் கூப்பிடுகின்றன. குடும்பத்தோடு போகிறவரைப் பெரும்பாலும் யாரும் நிறுத்துவதில்லை. சாதாரண கார் உரிமத்திலேயே ஆறு டன் வண்டித் தொடரை ஓட்டலாம். நம் ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் இருக்கும் பிரான்சில் இது நடக்காது. அங்கே இப்படிப்பட்ட டிரெய்லர் கட்டி இரண்டின் உச்ச எடையும் சேர்ந்து 4,250 கிலோவைத் தாண்டினால் 'பே.ஏ' உரிமத்துக்குத் தனித் தேர்வு எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும்.

இங்கேயும் நாம் யோக்கியர்கள் இல்லை. நம்மிடம் எடை மேடைக்குக் குறைவில்லை. ஆலை வாசலில் கரும்பு டிராக்டர் நிற்கும், இரும்புக் கடை லாரி நிற்கும். எல்லாம் காசு கணக்குக்கு. பாரம் அதிகமா என்று தானாகப் போய் எடை போட்டவரை நான் பார்த்ததே இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அப்படியும் கரும்பு லோடு சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு சாய்ந்தபடி போகிறது. பின்னால் போகிற நமக்குத்தான் நெஞ்சு அடைக்கிறது.

நண்பருக்கு இதை அனுப்பப் போகிறேன். கோபித்துக்கொள்ளட்டும். சார், விமானச் சீட்டு எடுக்கும் முன் மகனிடம் கதவைத் திறந்து அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் எடை, அம்மா எடை, நீங்கள் கொண்டு போகும் ஊறுகாய் ஜாடி எடை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு நாளை சாயங்காலம் வாருங்கள். கூட்டிப் பார்ப்போம். பேனா நான் கொண்டு வருகிறேன்.